மன்னிப்புக் கேட்ட திருச்சபைகள்



பள்ளியில் இரண்டு பிள்ளைகள் சண்டையிட்டுக்கொண்டால் ஆசிரியர் என்ன செய்கிறார்? அடித்தவனை அழைத்து, "மன்னிப்புக் கேள்" என்கிறார். அவனும் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறான். உடனே ஆசிரியர் அடிபட்டவனை நோக்கி, "அவன்தான் கேட்டுவிட்டானே! போங்கள், இருவரும் கைகொடுத்துக் கொள்ளுங்கள்" என்று வழக்கை முடித்துவிடுகிறார். நான் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்த காலமெல்லாம் இவ்வாறே நூற்றுக்கணக்கான வழக்குகளை முடித்திருக்கிறேன். அடிபட்ட பிள்ளைக்கு அந்த மன்னிப்புப் போதுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. மணி அடித்துவிடும், அடுத்த பாடம் காத்திருக்கும்.

ஒரு நாட்டில் பெரிய பெரிய திருச்சபைகளே அடித்தவர்களின் இடத்தில் நின்று மன்னிப்புக் கேட்டன. அடிபட்டவர்களோ, "நீங்கள் சொன்னதைப் பெற்றுக்கொண்டோம், ஆனால் வழக்கு முடிந்துவிடவில்லை" என்று மறுமொழி கூறினர். அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். நாடு கனடா. நடந்தது பள்ளிக்கூடத்தில். ஆதலால் ஆசிரியனாக வாழ்ந்த எனக்கு அது வெறும் அயல்நாட்டுச் செய்தியாகப் படவில்லை.

ஐரோப்பியர் வந்திறங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்நிலத்தில் மக்கள் வாழ்ந்து வந்தனர். கிரீ, ஓஜிப்வே, மோஹாக், பிளாக்ஃபுட், ஹைடா என்று அவர்களுள் பல இனங்கள், பல மொழிகள். இவர்களை இப்போது முதற்குடியினர் என்கின்றனர். வடகோடியின் பனிநிலத்தில் இனுயிட் மக்கள். முதற்குடியினருக்கும் ஐரோப்பியருக்கும் பிறந்து தனி இனமாகவே வளர்ந்தவர்கள் மெட்டிஸ் மக்கள். இம்மூவரும் சேர்ந்தே கனடாவின் தொல்குடிகள்.

கிறித்தவத் தொண்டர்கள் அவர்களிடையே வந்தபோது எல்லாரும் அவர்களுடைய மொழியை அழிக்க வந்தவர்கள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜேம்ஸ் எவன்ஸ் என்னும் மெதடிஸ்டு பாதிரியார் 1840-ஆம் ஆண்டு நார்வே ஹவுஸ் என்னும் ஊரில் கிரீ மொழிக்கு ஓர் அசையெழுத்து முறையை உருவாக்கிப் பரப்பினார். அச்செழுத்து வார்க்க ஈயம் கிடைக்கவில்லை. தேயிலைப் பெட்டிகளின் உட்புறத் தகட்டை உருக்கி எழுத்து வார்த்து, பூர்ச்ச மரப்பட்டையில் அச்சிட்டார் என்பர். (அந்த எழுத்து வானுலகிலிருந்து தம் முன்னோர் ஒருவருக்கே அருளப்பட்டது என்னும் மரபும் கிரீ மக்களிடையே உண்டு.) சில ஆண்டுகளில் அது ஊர் ஊராகப் பரவிற்று, மக்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டனர். தரங்கம்பாடி அச்சுக்கூடத்தின் கதையை அறிந்த நமக்கு இது வியப்பாக இராது. வியப்பு எதிலென்றால், எழுத்துத் தந்த அதே சமயத்தின் பெயரால் நடந்த பள்ளிகளில், அரைநூற்றாண்டு கழிவதற்குள் அந்த மொழியைப் பேசிய பிள்ளைக்குத் தண்டனை கிடைத்தது என்பதில்தான்.

இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது? மேற்குச் சமவெளியில் குடியேற்றம் பெருகிற்று. நிலம் வேண்டியிருந்தது. உடன்படிக்கைகள் எழுதப்பட்டு, தொல்குடிகள் ஒதுக்கு நிலங்களுக்குள் அடங்க வேண்டியவர்கள் ஆயினர். அவர்களைத் தனி இனமாகவே இராதபடி செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று அரசு எண்ணிற்று. முதியவர்களை மாற்ற முடியாது, பிள்ளைகளை மாற்றலாம். பெற்றோருடன் இருந்து படிக்கும் பிள்ளை, எழுதப் படிக்கத் தெரிந்த காட்டுமிராண்டியாகவே இருப்பான் என்னும் கருத்துப்படத் தலைமை அமைச்சர் ஜான் மெக்டொனால்டு 1883-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் பேசினார். அவ்வாண்டே மேற்குப் பகுதியில் மூன்று பெரிய உறைவிடப் பள்ளிகளுக்கு அவருடைய அரசு வழிசெய்தது. பிறகு அவை நாடெங்கும் பெருகின.

பணம் அரசினுடையது, நடத்தும் பொறுப்பு திருச்சபைகளுடையது. ஐந்தில் மூன்று பங்குக்கு மேற்பட்ட பள்ளிகளைக் கத்தோலிக்கத் துறவியர் சபைகளும் மறைமாவட்டங்களும் நடத்தின. ஏனையவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலிக்கன் சபைக்கும் மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டீரியன் சபைகளுக்கும் உரியவை. 1925-ஆம் ஆண்டு மெதடிஸ்டு சபையாரும் பிரெஸ்பிட்டீரியருள் பெரும்பாலோரும் காங்கிரிகேஷனல் சபையாருடன் சேர்ந்து கனடா ஐக்கியத் திருச்சபையை அமைத்தபோது, பள்ளிகளும் புதிய சபையின் கைக்கு வந்தன. 1920-ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தின் பின், அதிகாரி ஆணையிட்டால் பிள்ளையை அனுப்பாத பெற்றோர் தண்டனைக்கு உரியவர் ஆயினர். மொத்தத்தில் 1,50,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் இப்பள்ளிகளில் வாழ்ந்தனர். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில்தான். நான் ஆசிரியப் பணிக்கு வந்த பிறகும் அவற்றுட் சில நடந்துகொண்டிருந்தன என்பதை எண்ணும்போது, இதைப் பழங்கதை என்று தள்ள என் மனம் இடங்கொடுப்பதில்லை.

அங்கே ஒரு பிள்ளையின் முதல் நாள் எப்படி இருக்கும்? வீட்டிலிருந்து உடுத்து வந்த உடை கழற்றப்படும். நீண்ட கூந்தல் வெட்டப்படும். பல பள்ளிகளில் ஓர் எண் தரப்படும். அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். ஒரே வளாகத்தில் இருந்தும் பேசிக்கொள்ள வழியில்லை. தாய்மொழி பேசினால் தண்டனை. பாதி நாள் பாடம். பாதி நாள் வயலிலும் சமையற்கட்டிலும் துணி வெளுக்கும் இடத்திலும் வேலை. உணவு குறைவு, நோய் மிகுதி. பிள்ளைகளை அடித்தவர்களும் அதனினும் கொடிய தீங்கு இழைத்தவர்களும் ஆசிரியரிடையிலும் துறவியரிடையிலும் இருந்தனர். அவர்களுள் தண்டனை பெற்றவர் மிகச் சிலரே.

பீட்டர் பிரைஸ் என்னும் மருத்துவர் அரசின் ஆணைப்படி மேற்குப் பகுதிப் பள்ளிகளை ஆராய்ந்து 1907-ஆம் ஆண்டு அறிக்கை கொடுத்தார். விவரம் கிடைத்த 1,537 மாணவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்திருந்தனர். முதற்காரணம் காசநோய்; நெருக்கமும் காற்றோட்டமின்மையும் அதற்குத் துணை. பரிகாரங்களையும் அவர் எழுதினார். துறையின் பொறுப்பில் இருந்த டங்கன் கேம்பல் ஸ்காட் அவற்றை நிறைவேற்ற இசையவில்லை. இந்த ஸ்காட் நாட்டின் புகழ்பெற்ற கவிஞர்களுள் ஒருவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஓய்வு பெற்ற பின் பிரைஸ் 1922-ஆம் ஆண்டு, நாட்டின் குற்றம் ஒன்றின் வரலாறு என்னும் பொருள்படத் தலைப்பிட்டு ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆகவே, 'அக்காலத்தில் யாருக்கும் தெரியாது' என்னும் சமாதானம் இங்கே செல்லாது. தெரிந்திருந்தது, அச்சிலும் வந்திருந்தது.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. பணியின் தொடக்கத்தில் மலையடிவாரத்து உறைவிடப் பள்ளி ஒன்றில் விடுதியையும் நான் கவனித்து வந்தேன். மலையிலிருந்து வந்த உடன்பிறந்தார் இருவர் இரவில் பாயில் படுத்தபடி தங்கள் பேச்சில் மெல்லப் பேசிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் விரைவில் வரவேண்டும் என்பது என் ஆவல். விடுதியில் தமிழ் மட்டுமே பேசவேண்டும் என்று விதி செய்தேன். இருவரையும் வெவ்வேறு அறைகளில் படுக்கவைத்தேன். அடித்ததில்லை, வைததும் இல்லை. நல்லது செய்வதாகவே எண்ணினேன். பொங்கல் விடுமுறைக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் தேர்தல் பணிக்காக மலையேறியபோது, வாக்குச்சாவடியில் மூத்தவன் என்னை அடையாளம் கண்டு தேநீர் வாங்கி வந்தான். என் மனத்திலிருந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் எப்பவோ நடந்தது சார். டீ ஆறிப்போகும், குடிங்க" என்றான். அவன் மன்னித்தானா, பேச்சை மாற்றினானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. என் சிறு தவற்றையும் கனடாவில் நடந்த பெருங்கொடுமையையும் ஒரு தராசில் வைக்கவில்லை. ஆனால், 'நல்லது செய்கிறோம்' என்னும் நம்பிக்கை ஓர் ஆசிரியரின் கண்ணை எவ்வளவு மறைக்கும் என்பதை அறிந்தவன் என்ற முறையில் மேலே சொல்கிறேன்.

கனடாவில் முதலில் மன்னிப்புக் கேட்டது ஐக்கியத் திருச்சபை. அது தானாகக் கேட்டதும் அன்று. மேற்குக் கரையைச் சேர்ந்த ஆல்பர்ட்டா பில்லி என்னும் தொல்குடிப் பெண்மணி அச்சபையின் உறுப்பினர். நீங்கள் எங்களிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்று 1985-ஆம் ஆண்டு சபையின் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் அவர் எடுத்துரைத்தார். மறு ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சட்பரி நகரத்தில் சபையின் பொதுமன்றம் கூடிற்று. மன்றத்தார் உள்ளே விவாதிக்க, தொல்குடி முதியோர் வெளியே தோற்கூடாரத்தில் காத்திருந்தனர். பின்னர் சபையின் தலைவர் இராபர்ட் ஸ்மித் அவர்களிடம் சென்று மன்னிப்பு உரையைக் கூறினார். அதன் சாரம் இது: நாங்கள் வருமுன்பே உங்களுக்கு ஆழ்ந்த இறைநெறி இருந்தது, அதை நாங்கள் காணவில்லை. எங்கள் மேலை நாகரிகத்தையும் கிறித்துவின் நற்செய்தியையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டோம். உங்களை எங்களைப்போல் ஆக்க முயன்று, உங்களை நீங்களாக ஆக்கியிருந்த அந்தப் பார்வையைச் சிதைக்கத் துணை நின்றோம்; அதனால் நீங்கள் வறியவர் ஆனீர்கள், நாங்களும் வறியவர் ஆனோம்.

நல்ல உரைதான். அதில் உறைவிடப் பள்ளிகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பள்ளிகளுக்கென்று அச்சபை தனியே மன்னிப்புக் கேட்டது 1998-ஆம் ஆண்டில்தான்.

முதியோர் என்ன செய்தனர்? அன்றிரவு தீ வளர்த்து ஆடிப் பாடி மகிழ்ந்தனர். ஆனால் உடனே விடை கூறவில்லை. இரண்டு ஆண்டுகள் தங்கள் ஊர்களில் கலந்து பேசினர். 1988-ஆம் ஆண்டு விக்டோரியா நகரில் கூடிய பொதுமன்றத்தில் அவர்கள் சார்பில் ஈடித் மெம்னூக் என்னும் பெண்மணி விடை கூறினார். மன்னிப்பைப் பெற்றுக்கொண்டோம்; அதை நீங்கள் வாழ்ந்து காட்டுவீர்கள் என நம்புகிறோம் என்பது அந்த விடை. ஏற்றுக்கொண்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. 'பெறுதல்' வேறு, 'ஏற்றல்' வேறு என்பது தமிழ் படித்த உங்களுக்கு விளங்கும். வாசலில் வந்த கடிதத்தைப் பெற்றுக்கொள்கிறோம். அதில் எழுதியிருப்பதை ஏற்பதும் ஏலாததும் நம் உரிமை.

சட்பரியில் மன்னிப்பு உரை கூறப்பட்ட இடத்தில் ஒரு கற்குவை எழுப்பினார்கள். அதை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டுவிட்டார்கள். நம் ஊரில் ஒரு நினைவுச்சின்னம் என்றால் திறப்புவிழா நடந்தாக வேண்டும். கல்வெட்டில் பெயர் வேண்டும். முடிக்காமல் விடுவதற்கென்றே ஒன்றைக் கட்டியவர்களின் மனத்தை எண்ணிப் பாருங்கள்.

எல்லா இடங்களிலும் ஒரே விடை கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டில், மினாக்கி என்னும் ஊரில் கூடியிருந்த தொல்குடி ஆங்கிலிக்கரிடம் அச்சபையின் தலைவர் மைக்கேல் பியர்ஸ் மன்னிப்புக் கேட்டார். பல நாட்கள் அவர்களுடன் அமர்ந்து, பள்ளிகளில் வளர்ந்தவர்களின் கதைகளைக் கேட்ட பிறகு கூறிய உரை அது. முதியோர் தமக்குள் கலந்து, வை ஸ்மித் என்னும் மூதாட்டியின் வாயிலாக அதை ஏற்றுக்கொண்டதாகவே அறிவித்தனர். கத்தோலிக்கரிடையே ஒப்லேட் துறவியர் 1991-ஆம் ஆண்டிலும், பிரெஸ்பிட்டீரியன் சபையார் 1994-ஆம் ஆண்டிலும் தத்தம் குற்றத்தை அறிக்கையிட்டனர்.

இவற்றுக்கிடையே 1990-ஆம் ஆண்டு ஒரு பெரிய திருப்பம் நேர்ந்தது. மானிட்டோபா மாநிலத் தலைவர்கள் பேரவையின் தலைவராக இருந்த ஃபில் ஃபான்டேன், தாம் பள்ளியில் பட்ட கொடுமைகளை வானொலி, தொலைக்காட்சி வாயிலாக வெளிப்படையாகக் கூறினார். ஒருவர் வாய் திறந்ததும் ஆயிரவர் பேசினர். வழக்குகள் குவிந்தன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் கரிபூ என்னும் ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் வழக்குச் செலவைத் தாங்கமாட்டாமல் 2001-ஆம் ஆண்டின் இறுதியில் தன் பணியையே நிறுத்திக்கொண்டது. மன்னிப்புக் கேட்டால் அதுவே நீதிமன்றத்தில் சான்றாகிவிடும் என்று வழக்கறிஞர்கள் அஞ்சிய காலம் அது. கடைசியில் அரசும் திருச்சபைகளும் தொல்குடிகளும் சேர்ந்து செய்துகொண்ட பெரிய உடன்பாடு 2007-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பள்ளியில் இருந்த முதல் ஆண்டுக்கு 10,000 டாலரும், அதற்குமேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 டாலரும் ஒவ்வொருவருக்கும் தரப்பட்டன. கொடுந்தீங்குக்கு ஆளானவர்களுக்குத் தனியே இழப்பீடு. 2008-ஆம் ஆண்டு சூன் 11-ஆம் நாள் தலைமை அமைச்சர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

இந்த உடன்பாட்டில் திருச்சபைகளும் பணம் தர இசைந்திருந்தன. இங்கேதான் 'வாழ்ந்து காட்டுதல்' எவ்வளவு கடினம் என்பது வெளிப்பட்டது. கனடாவில் கத்தோலிக்கத் திருச்சபை என்று சட்டப்படி ஒரே அமைப்பு இல்லை. ஒவ்வொரு மறைமாவட்டமும் ஒவ்வொரு துறவியர் சபையும் தனித்தனி அமைப்பு. பள்ளிகளுடன் தொடர்புடைய ஏறத்தாழ 50 அமைப்புகள் சேர்ந்து கையொப்பமிட்டன. வேறு தொகைகளுடன், மக்களிடம் 2 கோடியே 50 இலட்சம் டாலர் திரட்ட இயன்றவரை முயல்வதாகவும் அவை வாக்களித்தன. திரண்டது 40 இலட்சத்தை எட்டவில்லை. 'இயன்றவரை' என்னும் சொல் உடன்பாட்டில் இருந்ததே! 2015-ஆம் ஆண்டு சாஸ்கச்சுவான் நீதிமன்றத் தீர்ப்பொன்றால் அவ்வமைப்புகள் அந்தக் கடமையிலிருந்து விடுபட்டன. சட்டப்படி அது முடிந்த வழக்கு. ஆனால் அதே ஆண்டுகளில் சாஸ்கட்டூன் நகரில் பெரும் பொருட்செலவில் புதிய பேராலயம் எழுந்ததை மக்கள் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தனர். பின்னர் 2021-ஆம் ஆண்டு ஆயர் பேரவை முறையாக மன்னிப்புக் கேட்டு, ஐந்து ஆண்டுகளில் 3 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் புதிய வாக்குக் கொடுத்தது.

உடன்பாட்டின் மிகச் சிறந்த பயன் பணம் அன்று என்பது என் எண்ணம். உண்மை அறிவதற்கும் ஒப்புரவுக்குமென ஓர் ஆணையம் அமைந்தது. (ஒப்புரவு என்று நான் சொல்வது குறளில் வரும் ஒப்புரவறிதல் அன்று; பகைத்தவர் உறவாதல் என்னும் பொருளில் தமிழ்க் கிறித்தவர் வழங்கும் சொல். ஆனால் ஊருக்கு ஒப்ப நடத்தல் என்னும் வள்ளுவர் கருத்தும் இங்கே பொருந்தாமல் இல்லை.) ஓஜிப்வே இனத்தவரான நீதிபதி மர்ரி சின்கிளேர் 2009-ஆம் ஆண்டு அதன் தலைவரானார், 2024-ஆம் ஆண்டு காலமானார். வில்டன் லிட்டில்சைல்டு, மேரி வில்சன் ஆகியோர் மற்ற இரு உறுப்பினர். லிட்டில்சைல்டு தாமே உறைவிடப் பள்ளியில் வளர்ந்தவர். ஆணையம் நாடெங்கும் சென்று 6,500-க்கு மேற்பட்டோரின் வாக்குமூலங்களைக் கேட்டது. கண்ணீர் துடைத்த தாள்களைக்கூடக் குப்பையில் எறியாமல் சேர்த்து வைத்து, புனிதத் தீயில் இட்டனர். பள்ளியில் பிறந்தநாளே கொண்டாடப்படாமல் வளர்ந்த முதியவர்களுக்காக, ஆணையத்தின் பெருங்கூட்டங்களில் எல்லாருக்கும் சேர்த்துப் பிறந்தநாள் விழா நடத்தினர். நரைத்த தலையினர் எழுபதாம் வயதில் பிறந்தநாள் இனிப்பை உண்டனர்.

2015-ஆம் ஆண்டு ஆணையம் தன் முடிவை வெளியிட்டது. நடந்தது பண்பாட்டு இனவழிப்பு என்று அது பெயரிட்டது. 94 செயல்களைச் செய்யுமாறு அழைப்பு விடுத்தது. அவற்றுட் சில திருச்சபைகளுக்கே உரியவை. குருமாணவர்களுக்கு இவ்வரலாற்றைக் கற்பிக்க வேண்டும். தொல்குடிகளின் இறைநெறியை அதனளவில் மதிக்கக் கற்பிக்க வேண்டும். அவர்களுடைய மொழியும் பண்பாடும் தழைக்க நிலையான நிதி வேண்டும். போப்பாண்டவர் கனடா மண்ணுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கடைசியில் சொன்னது ஓராண்டில் நடக்க வேண்டும் என்றது ஆணையம். ஏழு ஆண்டுகள் ஆயின. இடையே 2021-ஆம் ஆண்டு மே மாதம், கம்லூப்ஸ் நகரின் பழைய பள்ளி வளாகத்தில் நிலத்தை ஊடுருவும் ராடார் கருவியால் ஆராய்ந்ததில், ஏறத்தாழ 200 இடங்கள் கல்லறைகளாக இருக்கக்கூடும் என்ற செய்தி வந்து நாட்டை உலுக்கிற்று. ராடார் எலும்பைக் காட்டுவதில்லை. மண் கலைந்திருப்பதையே காட்டும். ஆதலால் 'இருக்கக்கூடும்' என்ற அளவில்தான் நாம் சொல்ல வேண்டும். ஆயினும் பள்ளிகளில் பிள்ளைகள் இறந்தது பற்றி ஐயமே இல்லை; ஏடுகளைக் கொண்டே ஆணையம் 3,200-க்கு மேற்பட்ட இறப்புகளைக் கணக்கிட்டிருந்தது. சினம் மூண்ட அந்தக் கோடையில் பல தேவாலயங்கள் தீக்கிரையாயின. அவற்றுட் சில தொல்குடிகளின் ஊர்களிலேயே இருந்தவை. அது வேண்டாம் என்று தடுத்துப் பேசியவர்களுள் தொல்குடித் தலைவர்களே முன்னின்றனர். தங்கள் பாட்டிமார் மணந்த இடமும், தாத்தாமார் அடக்கமான இடமும் அந்தக் கோயில்களே அல்லவா? இவ்வரலாற்றை 'அவர்கள் ஒரு பக்கம், திருச்சபை மறுபக்கம்' என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. தொல்குடிகளில் மிகப் பலர் இன்றும் கிறித்தவர்கள்.

2022-ஆம் ஆண்டு சூலை 25-ஆம் நாள் போப்பாண்டவர் பிரான்சிஸ் ஆல்பர்ட்டாவில் உள்ள மஸ்குவாசிஸ் என்னும் ஊருக்கு வந்தார். அவருக்கு முன்பாக ஒரு நீண்ட சிவப்புத் துணியைப் பலர் ஏந்தி வந்தனர். பள்ளிகளில் இறந்த 4,120 குழந்தைகளின் பெயர்கள் அதில் எழுதப்பட்டிருந்தன. அவர் அதை முத்தமிட்டார். கிறித்தவர் பலர் தொல்குடிகளுக்கு இழைத்த தீமைக்காக மன்னிப்புக் கேட்டார். சிலர் தேம்பி அழுதனர். லிட்டில்சைல்டு அவருக்கு இறகு முடி சூட்டினார். அதைப் பெருமையாகக் கொண்டாரும் உண்டு, மனம் நொந்தாரும் உண்டு. கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து, கண்ணீர் வழியக் கிரீ மொழியில் பாடினார். நாட்டுப்பண்ணைப் பாடுகிறார் என்று பலர் எண்ணினர். தம் மக்களின் சட்டத்தையே அப்படி எடுத்துரைத்ததாக அவர் பின்னர் விளக்கினார். நீதிபதி சின்கிளேரோ, குற்றத்தைத் தனி மனிதர்மேல் ஏற்றியது போதாது. திருச்சபை என்னும் அமைப்பே அதில் பங்காளி என்பதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். மறு ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள், கிறித்தவ மன்னர் கண்டறிந்த நிலம் அவருக்கே உரியது என்னும் பழைய கொள்கையை வாத்திகன் மறுத்து அறிவித்தது. 15-ஆம் நூற்றாண்டின் போப்பாண்டவர் ஆணைகள் சிலவற்றை ஆதாரமாகக் காட்டி வழங்கிவந்த கொள்கை அது. ஆங்கிலிக்கன் சபை அதை 2010-ஆம் ஆண்டிலேயே மறுத்துவிட்டது.

கனடாவில் வாழும் நம் தமிழர்களையும் இது தொடும். 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து துயருற்றுச் சென்று டொராண்டோவில் வேரூன்றிய குடும்பங்கள் பல. அடைக்கலம் தேடிச் சென்றவர்கள் அவர்கள். எவருடைய பிள்ளையையும் பறித்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்கள் வீடு கட்டியிருப்பதும் தொல்குடிகளின் நிலத்தில்தான். இந்நிலம் இன்ன மக்களுடையது என்று கூறிய பின்னரே அங்குப் பல பள்ளிகளிலும் வழிபாடுகளிலும் நிகழ்ச்சி தொடங்குகிறது. தாய்மொழியை இழப்பது என்னவென்று அறிந்த தமிழ்ப் பிள்ளைகள் அதைக் கேட்கும்போது என்ன நினைப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் குறையுண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்பது இயேசுபிரானின் போதனை. போக வேண்டியவன் குறை செய்தவன். குறைபட்டவன் வந்து நிற்க வேண்டியதில்லை. கனடாவின் திருச்சபைகள் இதைச் செய்தபோதெல்லாம் ஏதோ ஒரு கதவு திறந்தது. வழக்கறிஞரையும் நிதிக் கணக்கையும் முன்னே அனுப்பியபோதெல்லாம் மூடியது. ஐக்கியத் திருச்சபை 2012-ஆம் ஆண்டு தன் சின்னத்தையே மாற்றி, மோஹாக் மொழித் தொடர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. 48 பள்ளிகளை நடத்திய ஒப்லேட் துறவியர் 2021-ஆம் ஆண்டில் தங்கள் ஏடுகளைத் திறந்துவிட இசைந்தனர். சின்னத்தைவிட ஏடுகள் பெரியவை என்பேன். எந்தப் பிள்ளை எப்போது வந்தது, எப்போது நோயுற்றது, எங்கே புதைக்கப்பட்டது என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்காத இடங்களிலும் அவை குறிப்பேட்டில் பதிந்து கிடந்தன.

ஆணையத்தின் பெருங்கூட்டங்களில் திருச்சபைகளின் ஆவணக் காப்பாளர்கள் ஒரு பக்கம் மேசை போட்டு அமர்ந்திருப்பார்கள். அக்காலத்தில் பள்ளிகளில் எடுத்த புகைப்படங்களைத் தொகுப்பேடுகளாக்கி அங்கே பரப்பி வைப்பார்கள். முதியவர்கள் வந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார்கள். தம் சிறுவயது முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தவர்கள் அவர்களிடையே உண்டு. படங்கள் பலவற்றின் கீழே பள்ளியின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், பாதிரியாரின் பெயர் இருக்கும். பிள்ளைகளின் பெயர் இராது. முதியவர் ஒருவர் படத்தின்மேல் விரலை வைத்து, இவன் இன்னான், இவள் என் தங்கை, இவன் ஊர் திரும்பவில்லை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார். மேசைக்கு அப்பால் இருப்பவர் பென்சிலால் எழுதிக்கொள்வார்.